வெள்ளம் வரும் வழியை ஊரே வரைந்து வைக்கலாம்

தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. அந்தப் பாதியிலும் பெரும்பகுதி ஒரு சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவது உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை பதிவாயிற்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 51 செ.மீ. என ஒரு நாள் மழை அளவுகள் பதிவாகியுள்ளன.

இத்தகைய மழையைத் தடுத்து நிறுத்த யாராலும் இயலாது. ஆனால் பெய்த நீர் எந்த வழியாக ஓடும், எந்த நிலத்தில் ஏறும், எத்தனை நாள் நிற்கும், எங்கே வடியும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்து வைக்க முடியும். உண்மையில் இவற்றை அறிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அறிவு தாளில் ஏறவில்லை என்பதே குறை. அதை ஊர் மக்களே கூடி வரைபடமாக்கும் முறையையும், அதனால் சாகுபடிக்கும் ஊர்ப் பாதுகாப்புக்கும் நகரத் திட்டமிடலுக்கும் கிடைக்கும் பயன்களையும், அதில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பதிவேட்டில் இல்லாத செய்தி

ஊருக்குக் கிராம வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் இருக்கிறது. ஏரி, வாய்க்கால், ஓடை, பாதை, நத்தம் எல்லாம் அவற்றில் எல்லையோடு காட்டப்பட்டுள்ளன. நிலத்தின் எல்லைக்கும் உடைமைக்கும் அவை சிறந்த சான்றுகள். ஆனால் இன்ன புல எண்ணில் ஐப்பசியில் முழங்கால் அளவு நீர் ஏறும், எட்டு நாள் நிற்கும், பிறகு கிழக்கு மூலையில் உள்ள கன்னி வழியாக வடியும் என்ற செய்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது அந்த நிலத்தில் இறங்கி நடவு செய்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

நினைவுக்கு ஒரு குறை உண்டு. முதியவர் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். நிலம் கைமாறினால், வாங்கியவருக்கு அது தெரியாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பத்து நாள் நீர் நிற்கும் நிலம், மற்ற நாட்களில் சமதளமான நல்ல நிலமாகவே தோன்றும். கோடையில் வந்து பார்க்கும் மனை வணிகருக்கும், அலுவலகத்தில் இருந்தபடி சாலைக்குக் கோடு போடும் பொறியாளருக்கும் அதில் தடை எதுவும் தெரியாது. பின்னர் மழை வந்து, "இது வழக்கமாக நீர் ஓடும் இடம்தானே" என்று ஊரார் சொல்லும்போது, சாலை போட்டு முடிந்திருக்கும். வீடும் கட்டி முடிந்திருக்கும். வாய்மொழியாகச் சொன்னது கூட்டத்தோடு போய்விடும். வரைந்து, நாள் குறித்து, கோப்பில் சேர்த்தது நிற்கும். ஊர் வரைபடத்தின் முதற் பயன் இதுவே.

செயற்கைக்கோள் இருக்கும்போது ஊரார் ஏன் வரைய வேண்டும் என்ற கேள்வி எழலாம். சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு மழைக்கால மேகம் தடையாகும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படங்களும் சில நாட்களுக்கு ஒரு முறையே கிடைக்கும். வெள்ளம் இரவில் ஏறி மறுநாள் மாலையில் வடிந்துவிட்டால் அது படத்தில் விழாமலே போகலாம். வளர்ந்த பயிருக்கடியிலும் மரத்தடியிலும் நிற்கும் நீர் சரிவரத் தெரிவதில்லை. ஆகவே மேலிருந்து எடுக்கும் படமும் கீழிருந்து வரையும் படமும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நகரம் விரியும்போது வயலுக்கு என்ன நேர்கிறது?

100 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீரின் அளவு ஏறத்தாழ 4 கோடி லிட்டர். அந்த 100 ஏக்கரும் வரப்புக் கட்டிய வயலாக இருந்தால் நீரின் ஒரு பகுதி வயலிலேயே தங்கும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மீதி மெதுவாக வடியும். அதே 100 ஏக்கர் மனைப்பிரிவாகி, தார்ச்சாலையும் சிமெண்டுத் தளமும் கூரையுமாக மாறினால், நீரில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளியேறத் தொடங்கும். வெளியேறும் நீர் கீழே உள்ள வாய்க்காலுக்கு வரும். வாய்க்கால் கொள்ளாவிட்டால் வயலுக்கு வரும்.

பாலங்களின் அளவும் இதைப் போன்றதே. எடுத்துக்காட்டாக, ஒரு வடிகாலின் மேற்புறத்தில் 2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள கண் பாலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் திறப்பு 3 சதுர மீட்டர். அதே வடிகாலின் கீழ்ப்புறத்தில் புதிய சாலைக்கு 90 செ.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்களைப் பதித்திருந்தால் அவற்றின் மொத்தத் திறப்பு 1.3 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது பாதிக்கும் குறைவு. மேலே வரும் நீர் முழுவதும் கீழே போக வழியில்லாமல் சாலைக்கு மேற்புறத்து வயல்களில் தேங்கும். இதைக் கண்டுபிடிக்க அளவு நாடா ஒன்று போதும்.

2015 டிசம்பர் வெள்ளம் இதற்கொரு பாடம். அந்த நாட்களில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் சிலவான முடிச்சூரும் வரதராஜபுரமும், செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் உள்ளவை. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து வந்த நீர். ஏரிக்கு ஏரி இணைந்த அந்தத் தொடரையும் அதன் உபரிநீர்ப் பாதையையும் முன்பு அங்கே வேளாண்மை செய்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பிறகு வீடு வாங்கி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஒரே ஆறு, ஒரே வெள்ளம் என்றாலும், ஒவ்வோர் இடத்துக்கும் நீர் வந்த காரணம் வேறு. அதைப் பிரித்துக் காட்ட இடத்துக்கு இடம் வரைந்த படம் வேண்டும்.

மக்கள் வரைந்த படங்கள்

இம்முறை புதிதன்று. 1980-களின் இறுதியில் கர்நாடகத்தில் மைராடா தொண்டு நிறுவனத்தினரும், இராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரும் ஊர் மக்களைக் கொண்டே ஊரின் படத்தைத் தரையில் வரையச் செய்யும் முறையைப் பரப்பினர். கோலமாவும் வண்ணப்பொடியும் கல்லும் இலையும் விதையுமே அதற்குக் கருவிகள். எழுத்தறியாதவரும் இதில் பங்கு கொள்ள முடிந்தது. தாளில் வரைந்தால் எழுதுகோலைப் பிடித்திருப்பவர் மட்டுமே பேசுவார். தரையில் வரைந்தால் சுற்றி நிற்பவர் எல்லோரும் திருத்துவர்.

கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் சேர்ந்து, ஊராட்சி அளவில் நிலம், நீர் ஆகிய வளங்களை மக்களின் துணையோடு வரைபடமாக்கின. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி ஊராட்சி இதில் பேர் பெற்றது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் நிலமாக நடந்து குறித்தார்கள். 1996-இல் தொடங்கிய கேரள மக்கள் திட்டத்துக்கு இத்தகைய முயற்சிகள் முன்னோடியாக அமைந்தன.

வெள்ளத்துக்கென்றே வரையப்பட்டதற்கு இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா ஓர் எடுத்துக்காட்டு. அந்நகரம் 267 சிறு நிர்வாகப் பிரிவுகளைக் கொண்டது. முன்பு வெள்ளச் செய்தி அந்தப் பிரிவு அளவிலேயே குறிக்கப்பட்டது. பிரிவின் ஒரு மூலையில் நீர் ஏறினாலும் வரைபடத்தில் பிரிவு முழுவதும் வெள்ளம் என்று தெரியும். உதவியை எங்கே அனுப்புவது என்பது விளங்காது. 2012-இல் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் உள்ளூர் அலுவலர்களை அழைத்து, இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்களின் துணையோடு, பிரிவுக்குள் அடங்கிய சிறு குடியிருப்புப் பகுதிகளின் எல்லைகளையும் பள்ளி, மருத்துவமனை போன்ற கட்டடங்களையும் குறித்தனர். 2013 சனவரியில் பெருவெள்ளம் வந்தபோது எந்தக் குடியிருப்பில் நீர் என்று பிரித்துக் காட்ட அது உதவியது. நம் ஊரிலும் "கிராமம் முழுவதும் பாதிப்பு" என்று சொல்வதற்கும், "இன்னின்ன புல எண்களில் இத்தனை நாள் நீர்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் 2015 முதல் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து, வீடுகளையும் தெருக்களையும் வடிகால்களையும் வரைபடத்தில் ஏற்றினர். அந்த வேலைக்கு வைத்த பெயர் 'இராமனி ஹூரியா'. சுவாகிலி மொழியில் 'எல்லோருக்கும் பொதுவான வரைபடம்' என்பது அதன் கருத்து. எந்த வடிகால் எங்கே தொடங்கி எங்கே நின்றுபோகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

2015-இல் சென்னையிலும் பொதுமக்கள் நீர் தேங்கிய தெருக்களைக் கணினி வழி வரைபடம் ஒன்றில் குறித்தனர். சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் ஏறின. மீட்புக்கு அது பயன்பட்டது. ஆனால் அது நீர் வந்த பிறகு வரைந்தது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. படமும் வெள்ளம் வருமுன்னே தயாராக இருக்க வேண்டும்.

வரையும் முறை

1. காலம்: சித்திரை, வைகாசி மாதங்கள் ஏற்றவை. வாய்க்கால்கள் காய்ந்திருக்கும். நடந்து பார்க்கலாம். வேலைப் பளுவும் குறைவு.

2. அடிப்படைப் படம்: கிராம நிர்வாக அலுவலரை அணுகிக் கிராம வரைபடத்தின் நகலைப் பெற்று, பெரிதாக்கிக் கொள்ளவும். புலப்படங்களை அரசின் இணையவழிச் சேவையிலும் பார்த்துக் கொள்ளலாம். புல எண்கள் படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும்.

3. அழைக்க வேண்டியவர்கள்: ஏரிப் பாசன ஊர்களில் நீர் பாய்ச்சுபவரை முதலில் அழைக்க வேண்டும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் எனப் பகுதிக்கொரு பெயர் அவருக்கு உண்டு. மடை எது, கலிங்கு எது, உபரிநீர் எந்த ஊர் ஏரிக்குப் போகிறது என்பதை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. அடுத்து ஆடு மாடு மேய்ப்பவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள், ஏரியில் மீன் பிடிப்பவர்கள், தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள், வயது முதிர்ந்தோர், பள்ளி மாணவர்கள் ஆகியோரை அழைக்கவும். பெண்கள் தனியாக ஒரு படம் வரைந்து, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது நல்லது. நீர் ஏறியபோது குடிநீர் எங்கிருந்து எடுத்தார்கள், குழந்தைகளை எந்த வழியாக அழைத்துச் சென்றார்கள் என்பன பெரும்பாலும் அவர்களின் படத்தில்தான் இருக்கும்.

4. தரையில் வரைதல்: களத்துமேட்டிலோ பள்ளி வளாகத்திலோ எல்லோரும் வந்து நிற்கக்கூடிய பொது இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். முதலில் ஏரி, ஆறு, முதன்மைச் சாலை, குடியிருப்பு ஆகியவற்றைச் சுண்ணாம்புப் பொடியால் வரையவும். பிறகு வரத்து வாய்க்கால், பாசன வாய்க்கால், வடிகால், ஓடை ஆகியவற்றைச் சேர்க்கவும். தூர்ந்துபோன பழைய வாய்க்காலையும் புள்ளிக் கோடாகக் காட்டவும். வாய்க்கால் மறைந்தாலும் வெள்ளம் அதன் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

5. ஆண்டைக் குறித்தல்: பொதுவாக "வெள்ளம்" என்று கேட்டால் பல ஆண்டுகளின் நினைவு ஒன்றாகக் கலந்துவிடும். எனவே இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளவும். ஒன்று ஊர் கண்ட பெருவெள்ளம். மற்றொன்று ஏறத்தாழ ஆண்டுதோறும் வரும் சாதாரண வெள்ளம். 1977 நாகைப் புயல், 2008 நிஷா, 2015 மழை, 2023 தென்மாவட்ட மழை, 2024 ஃபெஞ்சல் என அந்தந்தப் பகுதிக்குத் தெரிந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் நினைவு தெளிவாக வரும்.

6. கேட்க வேண்டிய கேள்விகள்: நீர் முதலில் எங்கே கரையேறியது? எந்தத் திசையில் போயிற்று? எவ்வளவு ஆழம்? எத்தனை நாள் நின்றது? எங்கே வடிந்தது? முன்பு நீர் ஏறாத இடத்தில் இப்போது ஏறுகிறதா? எப்போதிலிருந்து? கடைசிக் கேள்வி முக்கியமானது. புதிய சாலை, மனைப்பிரிவு, செங்கற்சூளை, கரை உயர்த்தல் ஆகியவற்றின் விளைவு இதற்கான விடையில்தான் வெளிப்படும்.

7. ஆழத்தை அளத்தல்: மக்கள் ஆழத்தை உடல் அளவில் சொல்வார்கள். அதை அப்படியே குறித்துக்கொண்டு பின்னர் மாற்றிக் கொள்ளலாம். கணுக்கால் ஏறத்தாழ 10 செ.மீ., முழங்கால் 45 முதல் 50 செ.மீ., இடுப்பு 1 மீட்டர், மார்பு 1.25 மீட்டர் எனக் கொள்ளலாம். சுவரில் நீர்க்கறை இருந்தால் அதுவே சிறந்த சான்று. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய உள்தெரியும் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு அந்த மட்டத்தைப் பள்ளி, மின்கம்பம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றுக்கு மாற்றி, வண்ணத்தால் கோடிட்டு ஆண்டை எழுதி வைக்கவும்.

8. நடந்து சரிபார்த்தல்: தரையில் வரைந்ததைத் தாளில் படியெடுத்துக்கொண்டு, ஏரியின் கலிங்கிலிருந்து கடைசி வடிகால் வரை நடக்கவும். ஒவ்வொரு பாலத்தின் கண்களின் எண்ணிக்கை, அகலம், உயரம், குழாயின் விட்டம் ஆகியவற்றை அளந்து எழுதவும். எந்த இடத்தில் திறப்பு திடீரெனச் சிறுக்கிறதோ, அங்கே சிவப்புக் குறியிடவும்.

9. இறுதிப் படம்: ஓடும் வழிக்கு நீல அம்பு, ஒரு நாளில் வடியும் நிலத்துக்கு வெளிர் நீலம், ஒரு வாரம் வரை நிற்பதற்கு நீலம், ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதற்குக் கருநீலம் எனத் தீட்டலாம். வடக்குத் திசை, வரைந்த நாள், எந்த ஆண்டு வெள்ளம் என்பவற்றைத் தவறாமல் எழுதவும். ஓர் இடத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால் ஒருவர் சொன்னதை மட்டும் வரையாமல், "இரு கருத்து உண்டு" என்று குறித்து வைக்கவும். இதனால் படத்தின் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இத்துடன் ஊரில் ஒரு மழை அளவையும் தொடங்கலாம். பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதில் நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே அன்றைய மழையளவு. கேரளத்தின் வயநாட்டில் ஹியூம் சூழலியல் மையம் மக்களின் துணையோடு இவ்வாறு பல இடங்களில் மழையளவைத் தொகுத்து வருகிறது. சில ஆண்டுகள் எழுதி வந்தால், ஒரே நாளில் எத்தனை செ.மீ. பெய்தால் எந்த வயலில் நீர் ஏறும் என்பது படத்தோடு பொருந்தி விளங்கும். பிறகு வானொலியில் கனமழை அறிவிப்பைக் கேட்டவுடன் எந்த நிலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சாகுபடிக்குப் பயன்

படம் கையில் இருந்தால் இரகத் தேர்வு எளிதாகும். ஒரு வாரத்துக்கு மேல் நீர் நிற்கும் கருநீலப் பகுதியில், சம்பாப் பட்டத்துக்கு சி.ஆர்.1009 சப்-1 போன்ற மூழ்குதலைத் தாங்கும் நெல் இரகத்தைப் பயிரிடலாம். இவ்வகை இரகம் இளம் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும் தன்மை உடையது. ஒரு நாளில் வடியும் நிலத்துக்கு அதையே தேடிப் போகத் தேவையில்லை. நாற்றங்காலை நீர் ஏறாத மேட்டில் அமைக்கவும், மின் மோட்டாரை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்கவும், விதைநெல்லையும் வைக்கோலையும் கால்நடைகளையும் எங்கே கொண்டு செல்வது என்று முன்பே முடிவு செய்யவும் இப்படம் உதவும்.

தூர் வாரும் வேலையையும் இதைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். வடிகாலைக் கடைமடையிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தூர்வார வேண்டும். மேற்புறத்தை மட்டும் சீர்செய்தால் நீர் விரைந்து வந்து, அடைபட்ட கீழ்ப்புறத்தில் இருக்கும் வயல்களை மூழ்கடித்துவிடும். சேதக் கணக்கெடுப்பின்போதும் படம் கைகொடுக்கும். பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இடுபொருள் நிவாரணம் என்பது விதி. கணக்கெடுக்க வருபவர் முதலில் எந்தப் புல எண்களைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டினால், கடைக்கோடி நிலம் விடுபடாது. ஆனால் படம் மட்டுமே சேதத்துக்குச் சான்றாகிவிடாது, நேர்த்தணிக்கை அவசியம்.

திட்டமிடுவோரிடம் கொண்டு சேர்த்தல்

படத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதில் படத்தை விரித்துக் காட்டி, தீர்மானத்தோடு இணைக்கச் செய்யவும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் பாலம், வடிகால் வேலைகளைச் சேர்க்க இது அடிப்படையாகும். படிகளை ஊராட்சி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், நீர்வளத்துறை, வேளாண்மை விரிவாக்க மையம் ஆகியவற்றுக்கு அளித்து ஒப்புகை பெறவும். மூலப்படம் ஊரிலேயே இருக்கட்டும்.

நகரத்தை அடுத்துள்ள ஊர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் தயாரிக்கப்படும்போது வரைவு வெளியிடப்பட்டு, குறித்த காலத்துக்குள் மக்களின் ஆட்சேபங்களும் கருத்துகளும் கேட்கப்படுகின்றன. "எங்கள் ஊரில் மனைப்பிரிவு வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அது ஒரு கருத்து. "இன்ன புல எண்கள் 2015-இலும் 2024-இலும் இத்தனை நாள் நீரில் இருந்தன. இந்த வழியை அடைத்தால் நீர் இந்தத் தெருவுக்கு வரும். ஆகவே இவ்வளவு அகலத்துக்கு வழி விடவும்" என்று படத்துடன் எழுதினால் அது ஒரு சான்று. சாலை வரும்போதும் எத்தனை பாலங்கள், ஒவ்வொன்றின் திறப்பு எவ்வளவு, மேற்புறப் பாலத்தின் திறப்பை விட அது குறைவா என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கவும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, படம் ஊர் முழுவதுக்கும் உரியதாக இருக்க வேண்டும். நிலமுடையவர்கள் மட்டும் கூடி வரைந்தால் கிணறும் வரப்பும் துல்லியமாக இருக்கும். ஏரியின் உள்வாயிலும் ஓடைக்கரையிலும் குடியிருக்கும் கூலித் தொழிலாளர்களின் வீடுகள் விடுபட்டுப் போகும். வெள்ளத்தில் முதலில் நனைவது அந்த வீடுகளே. படத்தில் இல்லாத வீட்டுக்குப் படகும் வராது, உணவும் வராது.

இரண்டாவது, குறித்ததாலேயே ஒருவருக்குத் தீங்கு வரக்கூடாது. நீர்வழிக் கரையில் உள்ள வீட்டை ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுப்பது எளிது. அதன்பின் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதைப் படம் சொல்வதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையில் ஆற்றோரம் இருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு மாற்றப்பட்டன. வெள்ளத்திலிருந்து விலகியதோடு வேலைக்குச் செல்லும் இடத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் அவர்கள் விலக நேர்ந்தது. எனவே அத்தகைய வீடுகளைக் குறிக்கும் முன் அங்கே குடியிருப்பவர்களின் ஒப்புதலைப் பெறவும். ஆபத்தைக் குறிக்கும்போதே அவர்கள் தங்க வேண்டிய மேட்டிடத்தையும் போகும் பாதையையும் சேர்த்துக் குறிக்கவும். பெரிய அடைப்பை விட்டுவிட்டுச் சிறிய குடிசையை மட்டும் குறிக்கும் படம் நேர்மையான படம் ஆகாது.

மூன்றாவது, நிலத்தின் விலை குறையுமோ என்று அஞ்சி நீர் நிற்கும் இடத்தை மறைக்கச் சிலர் விரும்பலாம். இந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் மறைத்து விற்ற நிலத்தில் கட்டிய வீடு, அடுத்த மழையில் நீர்வழியை அடைத்து, விற்றவரின் மீதி வயலையே மூழ்கடிக்கும்.

நான்காவது, நினைவுக்கும் எல்லை உண்டு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ. மழையைப் போன்ற ஒன்றை அவ்வூர் முதியவர்கள் முன்பு கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆகவே "இதுவரை ஏறவில்லை" என்பதை "இனியும் ஏறாது" என்று கொள்ளக்கூடாது. ஊர் கண்ட பெருவெள்ள மட்டத்துக்கு மேலும் சிறிது இடம் விட்டே எதையும் அமைக்க வேண்டும். மட்ட அளவைக் கருவியால் எடுக்கும் துல்லியமான அளவுகளுக்கும் ஊர்ப் படம் ஈடாகாது. எங்கே அந்த அளவை எடுக்க வேண்டும் என்பதை அது காட்டும்.

ஐந்தாவது, ஒரு முறை வரைந்ததோடு நிறுத்தக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில், நீர் வடிந்த நினைவு மாறுமுன், அவ்வாண்டு நடந்ததைப் படத்தில் சேர்க்கவும். ஐந்தாண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நீர் எந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதற்கு ஆகும் செலவு சிறிது சுண்ணாம்புப் பொடி, நான்கு பெரிய தாள்கள், வண்ணப் பென்சில்கள், ஓர் அளவு நாடா, மூன்று நாள் உழைப்பு ஆகியவையே. நகரத்தின் எல்லை ஆண்டுக்கு ஆண்டு வயலை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நிலம் வயலாக இருக்கும்போதே அதன் நீர்வழியைக் குறித்து வைத்தால்தான், அது மனையாக மாறும் நாளிலும் நீருக்கு வழி கேட்க முடியும். எனவே உழவர் பெருமக்கள் வரும் பருவமழைக்கு முன்பே தங்கள் ஊர் வெள்ள வரைபடத்தை வரைந்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்துப் பயன்பெறுமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள். இதில் ஐயம் இருப்பின் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.